ஆரத்தித் தண்ணீரும் கோலி சோடாவும்: இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு போகும் வழியை வகுப்பில் செய்து காட்டுவது எப்படி?

பதினோராம் வகுப்பில் சுவாசப் பாடம் நடத்தும்போது ஆக்சிஜன் பக்கத்தைப் பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். ஹீமோகுளோபின், அதில் இரும்பு, இரும்பில் ஆக்சிஜன்: கதை நேராகப் போகும். கார்பன் டை ஆக்சைடு பக்கம் வந்ததும் 7, 23, 70 (கரைந்து போவது, ஹீமோகுளோபினில் ஒட்டிப் போவது, பைகார்பனேட்டாகப் போவது) என்ற மூன்று சதவீத எண்கள் மட்டும் நோட்டில் ஏறும், மற்றதெல்லாம் நழுவிவிடும். பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. ஒரு வாயு வாயுவாகவே போகாமல், உப்புக்கரைசலாக மாறிப் போய், நுரையீரலில் மறுபடி வாயுவாகிறது என்பதைக் கண்ணால் பார்க்காமல் நம்புவது கடினம்.

பார்க்க வைப்பதற்குப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. கடலூர் மஞ்சக்குப்பத்திலோ பாண்டி பெரிய மார்க்கெட்டிலோ ஒரு சுற்று சுற்றினால் முக்கால்வாசிப் பொருள் கிடைத்துவிடும். கீழே நான்கு செய்முறைகள் இருக்கின்றன. இரண்டு பாடவேளைகள் போதும். சதவீதங்களைக் கடைசியில் கரும்பலகையில் எழுதுங்கள். முதலிலேயே எழுதினால் வகுப்பு அதை மட்டும் காப்பியடித்துவிட்டு நிம்மதியாகிவிடும்.

முதல் நாளே தயார் செய்ய வேண்டியவை

சுண்ணாம்புத் தெளிநீர்: வெற்றிலைக்கடையில் கிடைக்கும் வெள்ளைச் சுண்ணாம்பு அல்லது நீற்றிய கிளிஞ்சல் சுண்ணாம்பு, இரண்டில் எதுவும் சரி. கலர் சேர்த்த சுண்ணாம்பு வேண்டாம். கொதிக்க வைத்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு டீஸ்பூன் போட்டுக் குலுக்கி, இரவு முழுக்க அசையாமல் வையுங்கள். ஒரு லிட்டரில் கரைவது ஒன்றரை கிராம் சொச்சம்தான். மீதி அடியில் தங்கும். காலையில் மேல்தெளிவை மட்டும் இறுத்து, வடிதாளில் வடித்து, பாட்டிலை விளிம்புவரை நிரப்பி இறுக மூடுங்கள். பாட்டிலில் காற்றுக்கு இடம் விட்டால் மேலே வெள்ளை ஏடு படியும். அந்த ஏடே காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு செய்த வேலைதான், ஆனால் தெளிநீரின் வீரியம் அதனால் குறைந்துவிடும்.

புரோமோதைமால் நீலம்: பள்ளி ஆய்வகத்தில் பெரும்பாலும் இருக்கும். பொடியாக இருந்தால் 0.1 கிராமை 0.01 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 16 மி.லி.யில் கரைத்து, வாலைவடிநீர் (டிஸ்டில்டு வாட்டர்) விட்டு 250 மி.லி. ஆக்குங்கள். பிஎச் 6.0க்குக் கீழே மஞ்சள், 7.6க்கு மேலே நீலம், நடுவில் பச்சை. இரத்தத்தின் பிஎச் 7.4. இந்த நிறங்காட்டியில் அது நீலம் கலந்த பச்சையாகத் தெரியும். இவ்வளவு பொருத்தமான நிறங்காட்டி வேறு கிடைக்காது.

ஆப்ப சோடா கரைசல்: ஒரு லிட்டர் வாலைவடிநீரில் சரியாக 2 கிராம். எடை போட்டே எடுங்கள், இந்த அளவுக்குக் காரணம் இருக்கிறது. பேக்கிங் பவுடரில் அமிலப்பொருள் கலந்திருக்கும், சலவை சோடா கார்பனேட். இரண்டும் உதவாது.

டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் கரைசல்: வேதியியல் ஆய்வகத்தில் கேளுங்கள். நீரற்ற உப்பானால் லிட்டருக்கு 1.42 கிராம். பன்னிரண்டு நீர் மூலக்கூறுள்ள படிகமானால் 3.58 கிராம். புட்டியின் மேலட்டையில் எது என்று எழுதியிருக்கும்.

இவை தவிர வெறும் கோலி சோடா ஆறு பாட்டில், மஞ்சள்தூள், ஒரு கிலோ ஐஸ், ஸ்ட்ரா, கண்ணாடி டம்ளர்கள், ஒரு பாட்டில் கடல்நீர். பன்னீர் சோடா, கலர் சோடா எதுவும் வேண்டாம். கடல்நீரைத் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில், கெடிலம் கலக்கும் முகத்துவாரத்தை விட்டுத் தள்ளி, அலை ஏறியிருக்கும் நேரத்தில் எடுங்கள். ஆற்றுநீர் கலந்தால் முடிவு குழம்பும். மணல் அடங்கியபின் வடித்துக்கொள்ளுங்கள்.

ஸ்ட்ராவில் ஊதும் செய்முறைகளுக்கு ஒரு முன்னேற்பாடு: ஸ்ட்ராவின் மேல்பாகத்தில், வாயிலிருந்து இரண்டு விரல் கீழே, ஊசியால் ஒரு துளை போடுங்கள். மறந்துபோய் உறிஞ்சினாலும் காற்றுதான் வரும், கரைசல் ஏறாது. ஒரு பிள்ளை ஐந்து மூச்சு ஊதினால் போதும், அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். ஆஸ்துமா இருப்பவர்கள் நேரம் குறித்துக்கொள்ளட்டும்.

செய்முறை 1: ஆரத்தி மஞ்சளாவது

கால் டீஸ்பூன் மஞ்சள்தூளை 200 மி.லி. தண்ணீரில் கலக்கித் துணியில் வடியுங்கள். சுண்ணாம்புத் தெளிநீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால், 10 மி.லி. சுற்றளவில் ஆரத்திச் சிவப்பு வரும். சிவப்பு வந்த கணமே நிறுத்துங்கள். கூடுதலாக விட்டால் ஊதி ஊதி மூச்சு வாங்கும், நிறம் மாறாது.

இரண்டு டம்ளராகப் பிரியுங்கள். ஒன்றை அப்படியே வைத்து, மற்றதில் ஊதச் சொல்லுங்கள். சில மூச்சுகளில் சிவப்பு மங்கி மஞ்சள் திரும்பும். ஊதியது தண்ணீரில் அமிலமானது, அமிலம் சுண்ணாம்பின் காரத்தைத் தின்றது. திருஷ்டி கழிக்கும் தட்டில் பார்த்த நிறம் மூச்சுக்காற்றில் மாறுவதைப் பார்த்த பிள்ளை, கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும் சேர்ந்தால் கார்பானிக் அமிலம் என்பதை மறக்காது. ஐந்து நிமிடத்தில் முடியும்.

செய்முறை 2: பாலாகி, தெளிந்து, மறுபடி பாலாவது

சுண்ணாம்புத் தெளிநீரில் ஊதினால் பால்போலாகும் என்பதை எட்டாம் வகுப்பிலேயே பார்த்திருப்பார்கள். பாடம் அதற்கு அடுத்த படியில் இருக்கிறது. அங்கே போகாமல் பெரும்பாலான வகுப்புகள் நின்றுவிடுகின்றன.

20 மி.லி. தெளிநீரை ஒரு பீக்கரில் எடுத்து, குளிர்ந்த கோலி சோடாவை அப்போதே உடைத்துச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். முதல் சில மி.லி.யிலேயே வெண்மை வரும். அது கரையாத கால்சியம் கார்பனேட். நிறுத்தாமல் மேலும் விட்டு மெதுவாகக் கலக்குங்கள். 40, 50 மி.லி. போனதும் வெண்மை கலைந்து கரைசல் தெளியும். கரையாத கார்பனேட், கூடுதல் கார்பன் டை ஆக்சைடை வாங்கிக்கொண்டு கரையும் பைகார்பனேட்டாக மாறிவிட்டது. இப்போது அந்தத் தெளிந்த நீரைக் காட்டிக் கேளுங்கள்: “இதில் வாயு இருக்கிறதா?” குமிழி இல்லை, எதுவும் தெரியவில்லை. ஆனால் உள்ளே இருக்கிறது. இரத்தத்தில் இருப்பதும் இப்படித்தான்.

பிறகு பீக்கரை அடுப்பில் வைத்துச் சில நிமிடம் கொதிக்க விடுங்கள். முதலில் குமிழிகள், அடுத்து மறுபடி வெண்மை. பைகார்பனேட் உடைந்து வாயு வெளியேறிவிட்டது. போர் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக உப்புப் படிகிறதே, அது நடப்பதும் இதே வழியில்தான்.

தவறும் இடங்கள் இரண்டு. சோடாவுக்குப் பதில் வாயால் ஊதியே தெளிய வைக்கப் பார்ப்பது ஒன்று. மூச்சில் கார்பன் டை ஆக்சைடு 4 முதல் 5 சதவீதம்தான். முழு வீரியத் தெளிநீரைத் தெளிய வைக்க அது போதாது. ஊதித்தான் காட்ட வேண்டும் என்றால் தெளிநீரைப் பத்து மடங்கு தண்ணீர் விட்டு இளக்குங்கள், பொறுமையும் வேண்டும். இன்னொன்று, காலையில் உடைத்து மேசையில் வைத்த சோடா. நம் ஊர் வெயிலில் வாயு நிற்காது. 0 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் 1.7 லிட்டர் கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து வைக்கும், 30 டிகிரியில் 0.7 லிட்டர்கூடப் பிடிக்காது.

ஒரு எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்: நுரையீரலில் யாரும் அடுப்பு வைப்பதில்லை. இங்கே சூடு செய்த வேலையை அங்கே வேறு இரண்டு செய்கின்றன. காற்று நுண்ணறையில் கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் குறைவாக இருப்பது ஒன்று, ஆக்சிஜன் வந்து ஹீமோகுளோபினில் சேர்வது மற்றொன்று. சூடில்லாமல் வாயு வெளியேறுவதை அடுத்த செய்முறையில் காட்டலாம்.

செய்முறை 3: நான்கு டம்ளர்

இதுதான் இந்த வழிகாட்டியின் நடுநாயகம். நேரத்தை இங்கே தாராளமாகக் கொடுங்கள்.

நான்கு டம்ளர்களில் 50 மி.லி. வீதம்: வாலைவடிநீர், கடல்நீர், பள்ளிப் போர் தண்ணீர், 2 கிராம் ஆப்ப சோடா கரைசல். ஒவ்வொன்றிலும் புரோமோதைமால் நீலம் 20 சொட்டு. வாலைவடிநீர் மஞ்சளாகவோ பச்சையாகவோ இருந்தால் ஒரு சொட்டுச் சுண்ணாம்புத் தெளிநீர் விட்டு நீலமாக்குங்கள். பின்னால் வெள்ளைத்தாள் வைத்தால் கடைசி பெஞ்சுக்கும் நிறம் தெரியும். நான்கு பிள்ளைகள் ஒரே நேரத்தில் ஊதட்டும்.

வாலைவடிநீர் இரண்டு மூன்று மூச்சில் மஞ்சளாகிவிடும். கடல்நீர் சற்று நின்று, பச்சையாகி, பிறகு மஞ்சள் பக்கம் சாயும். ஆப்ப சோடா கரைசல் நீலத்திலிருந்து நீலப்பச்சைக்கு வந்து அங்கேயே நின்றுவிடும். ஆள் மாற்றி ஆள் ஊதினாலும் மஞ்சளாகாது. போர் தண்ணீர் எங்கே நிற்கும் என்பது ஊருக்கு ஊர் மாறும், அதில் எவ்வளவு பைகார்பனேட் இருக்கிறதோ அதைப் பொறுத்தது. வகுப்பை முன்கூட்டியே ஊகிக்கச் சொல்லுங்கள்.

2 கிராமுக்கான காரணத்தை இப்போது சொல்லலாம். லிட்டருக்கு 2 கிராம் ஆப்ப சோடா என்றால் 24 மில்லிமோல் பைகார்பனேட். தமனி இரத்தத்தில் இருப்பதும் அதே 24. கடல்நீரில் இரண்டுக்குச் சற்று மேல்தான். மூச்சின் கடைசிப் பகுதியில் கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் ஏறத்தாழ 40 மி.மீ. பாதரசம், தமனி இரத்தத்திலும் அதுவே. ஆக, அந்த நான்காவது டம்ளரில் பிள்ளைகள் தங்கள் மூச்சைக்கொண்டே இரத்தத்தின் பிஎச்சுக்கு மிக அருகில் ஒரு கரைசலைச் செய்துவிட்டார்கள்.

கணக்கைப் பலகையில் போட்டுக் காட்டுங்கள். உடல் வெப்பத்தில், ஒரு மி.மீ. அழுத்தத்துக்கு லிட்டருக்கு 0.03 மில்லிமோல் கார்பன் டை ஆக்சைடு கரையும். 40 மி.மீ.க்கு 1.2 மில்லிமோல். பைகார்பனேட் 24. இரண்டின் விகிதம் 20. 20இன் மடக்கை 1.3. அதோடு கார்பானிக் அமிலத்துக்கான மாறிலி (pKa) 6.1ஐக் கூட்டினால் 7.4. மருத்துவமனையில் தமனி இரத்த வாயுப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்த்தவர்களுக்கு இந்த மூன்று எண்களும் பழக்கமானவை: பிஎச் 7.35 முதல் 7.45, கார்பன் டை ஆக்சைடு 35 முதல் 45, பைகார்பனேட் 22 முதல் 26.

அடுத்து, சூடில்லாமல் வாயுவை வெளியேற்றுவது. மஞ்சளான கடல்நீரை எடுத்து, டீக்கடையில் ஆற்றுவதுபோல் இரண்டு டம்ளர்களுக்கிடையே உயரத்திலிருந்து மாற்றி மாற்றி ஊற்றுங்கள். இருபது முப்பது முறை ஆற்றியதும் மஞ்சள் பச்சையாகும், தொடர்ந்தால் நீலத்தை நோக்கிப் போகும். வாயு வெளியேறியது, பைகார்பனேட் தங்கியது, பிஎச் ஏறியது. நுரையீரல் ஒவ்வொரு மூச்சிலும் இரத்தத்தை இப்படித்தான் ஆற்றுகிறது. வேகவேகமாக ஊதிய பிள்ளைக்குத் தலை லேசாகி, விரல் நுனி மரத்திருந்தால் அதற்கும் காரணம் இங்கேயே இருக்கிறது: அளவுக்கு மேல் ஆற்றிவிட்டார்கள், கார்பன் டை ஆக்சைடு குறைந்து இரத்தத்தின் பிஎச் ஏறிவிட்டது. அமைதியாக உட்கார்ந்து இயல்பாக மூச்சுவிட்டால் சரியாகிவிடும்.

செய்முறை 4: ஒரு சொட்டு ஆட்டு இரத்தம் செய்யும் வேலை

இதுவரை செய்ததில் இரத்தமே இல்லை. கரைசல் மட்டும் போதுமென்றால் சிவப்பணு எதற்கு என்ற கேள்வியை வகுப்பே கேட்கும்வரை காத்திருங்கள். பதில் நேரத்தில் இருக்கிறது. கார்பன் டை ஆக்சைடு தானாகத் தண்ணீரோடு சேர்வது மெதுவான வினை, பல விநாடிகள் பிடிக்கும். ஓய்வாக இருக்கும்போது நுரையீரல் தந்துகியில் ஒரு சிவப்பணு இருப்பதோ ஏறக்குறைய முக்கால் விநாடி. இந்த இடைவெளியை அடைக்க ஒரு நொதி இருந்தே ஆக வேண்டும் என்று தேடிப்போய், 1930களின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜில் மெல்ட்ரமும் ரஃப்டனும் சிவப்பணுவிலிருந்து பிரித்தெடுத்ததுதான் கார்பானிக் அன்ஹைட்ரேஸ். அதன் மையத்தில் துத்தநாகம் இருக்கிறது. பிளாஸ்மாவில் இந்த நொதி இல்லை என்றே சொல்லலாம், சிவப்பணுவுக்குள் ஏராளம்.

கறிக்கடையில் பொரியலுக்கு விற்கும் ஆட்டு இரத்தம் சிறிதளவு வாங்குங்கள். உறைந்த கட்டியாக இருந்தாலும் பரவாயில்லை, நொதி சிவப்பணுவில்தான் இருக்கிறது. அன்று காலை எடுத்ததாக இருக்க வேண்டும், வேகவைத்ததாக இருக்கக் கூடாது. கையுறை போட்டுக்கொண்டு, ஒரு சொட்டு அல்லது கடுகளவு கட்டியை 20 மி.லி. வாலைவடிநீரில் மசித்து வடியுங்கள். உப்பில்லாத நீரில் சிவப்பணுக்கள் வெடித்து நொதி வெளியே வந்துவிடும். இதில் பாதியை ஐந்து நிமிடம் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, வடித்துத் தனியே வையுங்கள். மனித இரத்தத்தை வகுப்பில் பயன்படுத்தாதீர்கள், விரலில் ஊசி குத்தி எடுக்கும் ஒரு சொட்டுகூட வேண்டாம்.

மூன்று சோதனைக்குழாய்களில் பாஸ்பேட் கரைசல் 5 மி.லி., நிறங்காட்டி 5 சொட்டு. முதலாவதில் வெறும் வாலைவடிநீர் 1 மி.லி., இரண்டாவதில் கொதித்த இரத்தநீர் 1 மி.லி., மூன்றாவதில் கொதிக்காத இரத்தநீர் 1 மி.லி. எல்லாம் நீலமாக இருக்கும். குழாய்களையும் சோடா பாட்டிலையும் பத்து நிமிடம் ஐஸில் வையுங்கள். பிறகு ஐஸ்போன்ற சோடாவை 5 மி.லி. ஒரே மூச்சில் ஊற்றி, ஊற்றிய கணத்திலிருந்து விநாடி எண்ணுங்கள். ஒவ்வொரு குழாயாகச் செய்யுங்கள், மூன்றையும் ஒரே நேரத்தில் செய்தால் கண் பின்தங்கிவிடும்.

முதலிரண்டு குழாய்களும் நீலத்திலிருந்து பச்சை, பச்சையிலிருந்து மஞ்சள் என்று ஆற அமர மாறும். மூன்றாவது சட்டென்று மஞ்சளாகும். கொதித்த இரத்தநீர் வேலை செய்யாதது முக்கியமான சாட்சி: இரத்தத்தின் நிறமோ உப்போ இதைச் செய்யவில்லை, சூட்டில் கெட்டுப்போகும் ஒரு புரதம்தான் செய்கிறது.

மூன்றும் ஒன்றுபோல் உடனே மாறினால் குளிர் போதவில்லை. 30 டிகிரியில் நொதியில்லாத வினையே கண்ணுக்கு வேகமாகத் தெரியும், அதனால்தான் ஐஸ். மூன்றும் மாறாமல் நீலமாகவே நின்றால் சோடாவில் வாயு போய்விட்டது, அல்லது ஆப்ப சோடா சேர்த்த கிளப் சோடா வாங்கிவிட்டீர்கள். மூன்றாவது மட்டும் மெதுவாக இருந்தால் இரத்தம் பழையது. மஞ்சள் தெரியாமல் சிவப்பு மறைத்தால் இரத்தநீரை இன்னும் இளக்குங்கள், நொதிக்கு அது பொருட்டில்லை. முடிந்ததும் இரத்தம் பட்ட குழாய்களை பிளீச்சிங் பவுடர் கரைசலில் அரைமணி ஊறவைத்துக் கழுவுங்கள்.

இப்போது கரும்பலகை

இடப்பக்கம் திசு, நடுவில் தந்துகி, தந்துகிக்குள் பெரிதாக ஒரு சிவப்பணு. அம்புக்குறிகளை நடக்கும் வரிசையிலேயே போடுங்கள். முழுப்படத்தை முன்பே வரைந்து ஒட்டினால் பிள்ளைகளுக்கு அது ரங்கோலிதான்.

திசுவில் அழுத்தம் 45 மி.மீ.க்குச் சற்று மேல், உள்ளே வரும் இரத்தத்தில் 40. இந்தச் சிறிய வித்தியாசத்திலேயே கார்பன் டை ஆக்சைடு உள்ளே நுழைகிறது. கொஞ்சம் பிளாஸ்மாவிலேயே கரைந்து நிற்கும். மிகுதி சிவப்பணுவுக்குள் போகும். அங்கே ஒரு பங்கு ஹீமோகுளோபினில் ஒட்டிக் கார்பமினோஹீமோகுளோபின் ஆகும். பெரும்பங்கு நொதியின் கையில் சிக்கிக் கார்பானிக் அமிலமாகி, அக்கணமே ஹைட்ரஜன் அயனியாகவும் பைகார்பனேட்டாகவும் பிரியும். ஹைட்ரஜன் அயனியை ஹீமோகுளோபின் வாங்கி வைத்துக்கொள்ளும். பைகார்பனேட் பிளாஸ்மாவுக்கு வெளியேறும். ஒரு எதிர்மின் அயனி வெளியே போனால் ஒன்று உள்ளே வர வேண்டும், வருவது குளோரைடு. சவ்விலுள்ள பேண்ட் 3 என்ற புரதம் ஒன்றுக்கு ஒன்று என்று மாற்றிவிடும் வாசல். இதுதான் குளோரைடு நகர்வு, ஹேம்பர்கர் நிகழ்வு என்றும் சொல்வார்கள். உள்ளே துகள்கள் கூடுவதால் தண்ணீரும் கொஞ்சம் நுழையும். அதனால் சிரை இரத்தச் சிவப்பணு, தமனி இரத்தத்தில் இருப்பதைவிட ஒரு நூல் பருத்திருக்கும்.

நுரையீரலில் எல்லா அம்பும் திரும்பும். குளோரைடு வெளியே, பைகார்பனேட் உள்ளே. அதே நொதி எதிர்த்திசையில் வேலை செய்யும். இங்கே பலர் புதிதாக ஒரு நொதியை எழுதுவார்கள். அதே கார்பானிக் அன்ஹைட்ரேஸ்தான். நொதி திசையைத் தீர்மானிப்பதில்லை, வேகத்தை மட்டும் தருகிறது. திசையைத் தீர்மானிப்பது அழுத்தம்.

கடலூர்–பாண்டி பஸ் உவமையைப் பல ஆசிரியர்கள் சொல்கிறார்கள்: ஹீமோகுளோபின் பஸ், ஆக்சிஜன் இறங்கினால் கார்பன் டை ஆக்சைடு ஏறும். சொல்ல எளிது, ஆனால் இரண்டும் ஒரே இருக்கைக்குப் போட்டியிடுவதாகப் பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள். ஆக்சிஜன் உட்காருவது ஹீம் இரும்பில். கார்பன் டை ஆக்சைடு ஒட்டுவது குளோபின் புரதச் சங்கிலியின் நுனியிலுள்ள அமினோ தொகுதியில். அதிலும் முக்கால்வாசி பஸ்ஸில் ஏறுவதே இல்லை, வேஷம் மாறிப் பிளாஸ்மாவில் போகிறது. இரும்பில் ஆக்சிஜனோடு உண்மையிலேயே போட்டியிடுவது கார்பன் மோனாக்சைடு. பெயர் ஒத்திருப்பதால் இரண்டையும் குழப்புகிறார்கள். தானே புயல் அடித்த 2011 டிசம்பர் போல் மின்சாரம் இல்லாத நாட்களில் ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ மூடிய வராந்தாவிலோ ஓட்டக் கூடாது என்பதை இந்த இடத்தில் சொல்லிவிடுங்கள். தேர்வுக்கு வராது, உயிருக்கு வரும்.

சதவீதத்தை எப்படிச் சொல்வது?

100 மி.லி. தமனி இரத்தத்தில் எல்லா வடிவமும் சேர்த்து 48 மி.லி. கார்பன் டை ஆக்சைடு இருக்கிறது. சிரை இரத்தத்தில் 52. ஒரு சுற்றில் சுமந்துவந்து இறக்குவது வித்தியாசமான 4 மி.லி. மட்டும்தான். நிமிடத்துக்கு இதயம் 5 லிட்டர் இரத்தம் தள்ளினால், 200 மி.லி. வெளியேறுகிறது. ஓய்வில் உடல் உற்பத்தி செய்வதும் அந்த அளவுதான்.

கரைந்த வடிவில் தமனியில் 2.4 மி.லி., சிரையில் 2.7. வித்தியாசம் 0.3. நாலில் 0.3 என்பது 7 சதவீதம் சொச்சம். புத்தகத்தின் 7 இங்கிருந்து வருகிறது. ஆனால் தமனியில் உள்ள மொத்தத்தில் கரைந்தது எவ்வளவு என்று கேட்டால் 48இல் 2.4, அதாவது 5 சதவீதம். அங்கே பைகார்பனேட்டின் பங்கு 90 சதவீதம். ஒரு புத்தகத்தில் 70, இன்னொன்றில் 90 என்று பார்த்துக் குழம்பும் பிள்ளைகளுக்கு இதைப் பிரித்துக் காட்டுங்கள்: 90 என்பது இருப்பு, 70 என்பது அன்றாடப் போக்குவரத்து. போக்குவரத்துக் கணக்கிலும் நூலுக்கு நூல் சிறு வேறுபாடு உண்டு. பைகார்பனேட் 60 முதல் 70, கார்பமினோ 20 முதல் 30, கரைந்தது 7 முதல் 10 என்று வரும். தேர்வில் உங்கள் பாடநூல் தரும் எண்ணையே எழுதச் சொல்லுங்கள்.

இன்னொரு கணக்கையும் போடுங்கள். இரத்தத்தில் நொதியும் ஹீமோகுளோபினும் இல்லாமல், வாயு வெறுமனே கரைந்து மட்டும் போக வேண்டும் என்றால்? 100 மி.லி.க்கு 0.3 மி.லி. வீதம் 200 மி.லி.யை வெளியேற்ற, இதயம் நிமிடத்துக்கு 66 லிட்டருக்கு மேல் தள்ள வேண்டும். இப்போது தள்ளுவதைப்போல் பதின்மூன்று மடங்கு. அந்த எண்ணைப் பலகையில் பார்த்ததும் வகுப்பு ஒரு கணம் அமைதியாகும்.

ஆக்சிஜன் செய்யும் உதவி

கடைசியாக ஹால்டேன் விளைவு. 1914இல் கிறிஸ்டியான்சென், டக்ளஸ், ஹால்டேன் மூவரும் காட்டியது இது: ஆக்சிஜன் இறங்கிய இரத்தம், அதே அழுத்தத்தில் கூடுதலான கார்பன் டை ஆக்சைடைச் சுமக்கும். ஆக்சிஜன் ஏறிய இரத்தம் அதைக் கைவிடும். ஆக்சிஜன் இல்லாத ஹீமோகுளோபின் ஹைட்ரஜன் அயனியையும் நன்றாக வாங்கும், கார்பமினோவாகவும் எளிதில் ஒட்டவிடும் என்பதே காரணம்.

பிள்ளைகள் இதைப் போர் (Bohr) விளைவோடு மாற்றி எழுதுவார்கள். பிரிக்க ஒரே கேள்வி போதும்: “யாரை இறக்குகிறோம்?” திசுவில் கார்பன் டை ஆக்சைடு வந்து ஆக்சிஜனை இறக்கினால் போர். நுரையீரலில் ஆக்சிஜன் வந்து கார்பன் டை ஆக்சைடை இறக்கினால் ஹால்டேன்.

இதற்கும் எண் உண்டு. அழுத்தம் 45இலிருந்து 40க்கு இறங்குவதால் மட்டும் 52 மி.லி. ஏறக்குறைய 50 ஆகும். ஆக்சிஜனும் வந்து சேர்வதால் 48 வரை இறங்குகிறது. நுரையீரலில் நாம் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடில் பாதி, உள்ளே வரும் ஆக்சிஜன் தள்ளிவிட்டது. இரண்டாம் பாடவேளையில் மணி அடிக்க ஐந்து நிமிடம் மிச்சமிருந்தால் பலகையை அழித்துவிட்டு, நான்காவது டம்ளரை ஒருவர் கையில் கொடுத்து, அந்த நீலப்பச்சை எப்படி வந்தது என்று புத்தகம் பார்க்காமல் விளக்கச் சொல்லுங்கள். எந்த இடத்தில் தடுமாறுகிறார்களோ, அடுத்த வகுப்பை அங்கிருந்து தொடங்கலாம்.